ஸ்ரீதரோட ஈரல் கட்டியும் ஆவணிக் கல்யாணமும்

வல்லம் வடகால்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஐசுவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் உங்கண்ணனும் நல்லா இருக்கோம், இதை வழக்கத்துக்கு எழுதறேன்னு நெனச்சுடாத, இன்னிக்கு நெஜமாவே நல்லா இருக்கோம். நீ அங்க ஜப்பான்ல வேளைக்குச் சாப்டுகினு, நேரத்துக்குத் தூங்கிகினு, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு முருகன வேண்டிக்கறேன். விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன். உங்கண்ணன் ஸ்ரீதர் இன்னிக்குக் காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போயிட்டான்! அவன் கல்யாணத்துக்கும் ஆவணில நாள் பாத்தாச்சு. ரெண்டும் ஒரே வாரத்துல நடந்ததுல எனக்குத் தலகால் புரியல. உன்கூட வேலை செய்யற சத்யப்பிரியா லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை கெளம்பறாளாம், அவ கையில இந்தக் கடுதாசியும் எள்ளுப்பொடியும் குடுத்தனுப்பறேன். போன்ல உனக்குச் சொன்னதெல்லாம் அரையும் குறையும்தான். நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ அழ ஆரம்பிச்சுடுவ, நீ அழுதா நானும் அழுவேன், அப்பறம் எங்க சொல்றது. அதனால உக்காந்து எல்லாத்தையும் எழுதிடறேன், நீயும் உக்காந்து படி.

வைகாசி மாசத்துல ஒரு நாள் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவன் சோறு வேணாம்னுட்டான். அந்த வெயில்ல ரெண்டு கம்பளி கேட்டான் ஐசு, ஃபேனை நிறுத்தச் சொன்னான், பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அப்பறம் வேர்த்துக் கொட்டி சட்டையெல்லாம் நனஞ்சுது, கொஞ்ச நேரம் நல்லா இருந்தான், திரும்பக் குளிர். மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுகினே வேலைக்குப் போனான். கல்யாணத்துக்கு லீவு சேத்து வெக்கறேன், இப்ப எடுக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். வலது தோள்ல வேற வலின்னான். கம்பெனில கார் சீட்டு ஃப்ரேம் தூக்கித் தூக்கிப் புடிச்சுக்கிச்சுன்னு அவனே சொன்னான், நானும் தைலம் தேச்சு சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன். வியாதி இருந்த இடம் ஒண்ணு, நான் தேச்ச இடம் ஒண்ணு, எனக்கு எப்படித் தெரியும். சாப்பாட்டப் பாத்தாலே மூஞ்ச திருப்பறான், பெல்ட்டுல புதுசா ஓட்ட போட்டான். ஒரு நாள் லைன்ல குனிஞ்சவனுக்கு நிமிரவே முடியல, வலது விலாவப் புடிச்சுகினு அப்படியே உக்காந்துட்டானாம். சூப்பர்வைசர்தான் கம்பெனி ஆம்புலன்ஸ்ல ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. உங்கப்பா ஆளுங்கள எறக்கிட்டு கம்பெனி பஸ்ஸ ஷெட்ல விட்டுட்டு வந்தாரு, நான் ஆட்டோவுல போனேன்.

அங்க ஒரு டாக்டரம்மா, உன்னவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவங்களா இருப்பாங்க. இவன் தோள் வலி தோள் வலின்னு சொல்லிகினே இருக்கான், அவங்க தோளத் தொடவே இல்ல. வலது பக்க விலா எலும்புக்கு நடுவுல ஒரே விரலால அமுக்கினாங்க பாரு, இவன் போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டில்காரரு எழுந்து உக்காந்துட்டாரு. ஒடனே ஸ்கேனுக்கு அனுப்பினாங்க. அந்த டிவியில ஈரல்னு காட்டினாங்க, அதுக்குள்ள கறுப்பா ஒரு குழி, சின்னத் தேங்கா அளவு. ஈரல்ல கட்டி, உள்ள சீழ் சேந்துருக்குன்னாங்க. கட்டின்னு கேட்ட ஒடனே நான் வேற வியாதின்னு நெனச்சுட்டேன். அந்தப் பொண்ணு என்னப் புடிச்சு ஸ்டூல்ல உக்கார வெச்சு, அம்மா இது கேன்சர் இல்ல, சீழ்க்கட்டி, கொணப்படுத்திடலாம், ஆனா நேரத்துக்குப் பண்ணணும்னு சொன்னாங்க. தண்ணி வழியாவோ சாப்பாடு வழியாவோ அமீபான்னு ஒரு கிருமி கொடல்ல போய் உக்காந்துக்குமாம், அங்கேந்து ரத்தத்தோட ஈரலுக்குப் போய் அரிச்சுத் தின்னுமாம். ஈரலுக்கு மேல மூச்சு விடறதுக்கு ஒரு தசை இருக்காம், கட்டி அதை உறுத்தினா வலி தோள்ல தெரியுமாம். அப்பதான் என் தைலமெல்லாம் எங்க போச்சுன்னு வெளங்குச்சு. இது ஈரலோட ஓரத்துல இருக்கு, ஒடைஞ்சா வயித்துக்குள்ளயோ நெஞ்சுக்கூட்டுக்குள்ளயோ பரவிடும், அதான் பயம்னாங்க. மறைக்காம சொன்னாங்க. ஒடனே கையில ஊசி குத்தி மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு.

இதுக்கு நடுவுல ஊருக்குள்ள பேச்சு கெளம்பிடுச்சு. ஈரல்னாலே குடிதான்னு நெனக்கறாங்க இல்ல. யாரு சொன்னாங்களோ, மணிமங்கலத்துல பொண்ணு வூட்டுக்குப் போயிடுச்சு. கலைமதியோட அப்பா காசிராஜன் உங்கப்பாவுக்குப் போன் போட்டாரு. சம்பந்தி, இன்னாமோ கேள்விப்பட்டேன், பையன் குடிப்பானான்னு நேரா கேட்டாரு. உங்கப்பா இல்லன்னாரு. அப்ப ஈரல் எப்படிக் கெட்டுச்சுன்னு அவரு, டாக்டரக் கேளுங்கன்னு இவரு. கடைசில அவரு, எதுக்கும் கல்யாணப் பேச்ச கொஞ்ச நாளு தள்ளி வெப்போம், பையன் எழுந்து வரட்டும், பாத்துக்கலாம்னாரு. உங்கப்பாவும் ரோஷத்துல, உங்க இஷ்டம்னு போனை வெச்சுட்டாரு. பூ வெச்சு நிச்சயம் பண்ண பொண்ணு ஐசு. ஆனியில மண்டபம் சொல்லியாச்சு. எனக்கு அங்க புள்ள கெடக்கறான், இங்க இப்படி. யாருகிட்ட சொல்லி அழறது, பாத்ரூம் கொழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதேன். ஸ்ரீதருகிட்ட சொல்ல வேணாம்னு நெனச்சோம், அவன் எங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுட்டான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினான்.

மருந்து ஏறிகினே இருக்கு, ஆனா காய்ச்சல் எறங்கல. மூணு நாள் பாக்கலாம்னு சொல்லியிருந்தாங்க, மூணாவது நாளும் சாயங்காலமானா அதே குளிரு, அதே நடுக்கம். திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க, கட்டி சின்னதாகல, மேல் தோலு இன்னும் மெல்லிசாயிடுச்சுன்னாங்க. வெளியேந்து ஒரு ஊசி விட்டு, அது வழியா மெல்லிசா ஒரு டியூப் போட்டு சீழை வெளிய எடுத்துடலாம், வயித்தக் கிழிக்க வேணாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் கேட்டேன், ஏம்மா, ஒடையும்னு பயப்படறீங்க, அதுலயே ஊசியக் குத்தினா ஒடையாதான்னு. அவங்க கோச்சுக்கல. காகிதத்துல ஈரல வரைஞ்சு, டியூப் எங்க நொழையும், எவ்வளவு ஈரலத் தாண்டிக் கட்டிக்குள்ள போகும், ஸ்கேன்ல பாத்துகினேதான் போடுவோம்னு பொறுமையா காட்டினாங்க. உங்கப்பா கையெழுத்துப் போட்டாரு.

அன்னிக்கு மத்தியானம்தான் கலைமதி வந்தா. யாரும் கூப்புடல. ஷிஃப்ட் முடிஞ்சு அப்படியே வந்துட்டா, நீல கலர் யூனிஃபார்ம், கழுத்துல கம்பெனி கார்டு, கம்பெனி பஸ்ல பாதி தூரம் வந்து ஷேர் ஆட்டோ மாறி வந்தாளாம். அவ என் கையப் புடிச்சுகினு, அத்தை, மொதல்ல டாக்டர் எங்கன்னு கேட்டா. நேரா போய், மேடம், நான் இவரக் கட்டிக்கப் போறவ, இது குடிச்சதால வந்ததான்னு கேட்டா பாரு! டாக்டரம்மா சொன்னாங்க, குடிக்கறவங்களுக்கு இது அதிகமா வருது, குடிக்காதவங்களுக்கும் வருது, வர வெக்கறது கிருமி, முழுசா கொணமாயிடும், ஈரல் திரும்ப வளந்துடும், ஆனா இதுக்கப்பறம் ஒரு சொட்டு கூடாதுன்னு. சரின்னு தலையாட்டிட்டு வார்டுக்கு வந்தா. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுகினு, நீங்க குடிப்பீங்களான்னு கேட்டா. நானும் நிக்கறேன், உங்கப்பாவும் நிக்கறாரு. ஸ்ரீதர் எங்க ரெண்டு பேரையும் பாத்தான், அப்பறம் அவளப் பாத்து, சம்பளம் வந்தா ஃப்ரெண்ட்ஸோட பீர் குடிப்பேன், வூட்டுக்குத் தெரியாதுன்னான். எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்! உங்கப்பா மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. கலைமதி சொன்னா, இல்லன்னு சொல்லியிருந்தா இப்படியே பஸ் ஏறிப் போயிருப்பேன், டாக்டர் வேணாம்னு சொன்னத நானும் சொல்றேன், இனிமே வேணாம்னு. இவன் தலையாட்டறான், சின்னப் புள்ள மாதிரி. அவ ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டா.

அப்பறம் அவன உள்ள கூட்டிகினு போனாங்க. மயக்க மருந்து கெடையாது, அந்த எடத்துல மட்டும் மரத்துப் போக ஊசி, அவன் முழிச்சுகினுதான் இருந்தான். நாங்க மூணு பேரும் வெளிய. நான் வல்லக்கோட்டை முருகனுக்கு இன்னா இன்னா வேண்டிக்கினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, மொட்டைன்னு மட்டும் சொன்னேன், யாருக்கு மொட்டைன்னு சொல்லல, அதை அப்பறம் பேசிக்கலாம். கதவு தெறந்துச்சு, நர்ஸ் ஒரு பாட்டில் நெறைய எடுத்துகினு வந்தாங்க. கேழ்வரகுக் கூழ் கலர்ல கெட்டியா, ஐசு, இது அத்தனையும் என் புள்ள ஈரல்ல இருந்ததா! நாத்தமே இல்ல, அமீபாவுக்கு அப்படித்தான் இருக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. பின்னாடியே ஸ்ட்ரெச்சர்ல இவன் வரான். வாயத் தெறந்து மொதல் வார்த்தை இன்னா சொன்னான் தெரியுமா, அம்மா தோள் வலி போச்சும்மான்னான். விலாவுல டியூப் தொங்குது, இவன் கையத் தூக்கித் தோளச் சுத்திக் காட்டறான்! நர்ஸ் திட்டினாங்க. நான் சிரிக்கறேன், அழறேன், கலைமதி என் தோள்ல மூஞ்சிய வெச்சுகினு அழறா, உங்கப்பா மட்டும் கொழாயாண்ட போய் மூஞ்சி கழுவிகினு வந்தாரு. மறுநாள் சாயங்காலம் அந்தக் குளிரு வரும் வரும்னு நான் கம்பளியோட காத்துகினு இருந்தேன், வரல. காய்ச்சல் இல்ல! கார சட்னி வெச்சு இட்லி வேணும்னான். அந்த இட்லிய நான் எடுத்துகினு போன வேகத்துல ஆட்டோக்காரரே கேட்டாரு, இன்னாம்மா வூட்ல விசேஷமான்னு.

டியூப்ப ஒடனே எடுக்கல. மிச்சம் சொட்டிகினு இருக்கணும்னு ஒரு பையில மாட்டி விட்டுட்டாங்க. பையக் கையில புடிச்சுகினு அவன் வராண்டாவுல நடப்பான். கலைமதி தெனமும் ஷிஃப்ட் முடிஞ்சு வருவா, உங்க ஹேண்ட்பேக் நல்லா இருக்குன்னு கிண்டல் பண்ணுவா, ஆனா பைய இடுப்புக்கு மேல தூக்கிட்டான்னா அவ்வளவுதான், அவ போடற சத்தத்துல வார்டே திரும்பிப் பாக்கும். ரெண்டு நாள் அவ அப்பாகிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்துருக்கா. மூணாம் நாள் காசிராஜன் தேடிகினு வந்துட்டாரு, மூஞ்சி கடுகடுன்னு. கலைமதி ஒரு கையில பையப் புடிச்சுகினு இன்னொரு கையால ஸ்ரீதரப் புடிச்சுகினு நடந்து வரா. அப்பாவப் பாத்ததும் பதறல. வந்துட்டீங்களாப்பா, அந்தத் தண்ணி கேனை ஸ்டூல் மேல தூக்கி வெச்சுடுங்க, அத்தையால தூக்க முடியலன்னா. அந்த மனுஷன் திட்ட வந்தவரு, இன்னா பண்றதுன்னு தெரியாம கேனைத் தூக்கி வெச்சாரு! அப்பறம் அவரே தனியா போய் டாக்டரம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு வந்தாரு. இன்னா கேட்டாருன்னு இன்னிவரைக்கும் சொல்லல. திரும்பி வந்து உங்கப்பா பக்கத்துல பெஞ்சுல உக்காந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல, எதுக்க இருக்கற செவுத்தையே பாத்துகினு இருந்தாங்க. கடைசில அவருதான், சம்பந்தி, அன்னிக்குப் போன்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, பொண்ணப் பெத்தவன், பயந்துட்டேன்னாரு. உங்கப்பா, நானும்தான் பயந்துகினு இருந்தேன், டீ சாப்புடலாமான்னாரு. அவ்வளவுதான், ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போயிட்டாங்க. இந்த வாரம் அவரே வூட்டுக்கு வந்து, ஆனிதான் போச்சு, ஆவணில நல்ல நாளு கீதாம், ஐயரக் கேட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு.

டியூப்ப எடுத்து வூட்டுக்கு அனுப்பினப்பறம்தான் பெரிய போராட்டம். ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரை போட்டா வாயெல்லாம் துருப்புடிச்ச ஆணியச் சப்பற மாதிரி இருக்காம், எதைத் தின்னாலும் இரும்பாம். அது முடிஞ்சப்பறம் வேற ஒரு மாத்திரை, கொடல்ல மிச்சம் இருக்கற கிருமியும் சாகணும், இல்லன்னா திரும்ப வரும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. நான்தான் நல்லா ஆயிட்டேனே, அது எதுக்குன்னு இவன் ஆரம்பிச்சான். நான் பேசவே இல்ல, கலைமதிக்கு ஒரு போன் போட்டேன். அன்னிலேந்து தெனமும் வீடியோ கால், மாத்திரைய முழுங்கிட்டு வாயத் தெறந்து காட்டணும், அவ பாத்துட்டுத்தான் வெப்பா. போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். குழி எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிடுச்சு. இது முழுசா மூட மாசக்கணக்காகும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க, ஆள் நல்லா இருக்காரு, வேலைக்குப் போகலாம், வெயிட்டு மட்டும் இப்ப தூக்க வேணாம்னாங்க. கம்பெனியிலயும் செக்கிங்ல உக்காந்து பாக்கற வேலை குடுத்துருக்காங்க. எந்தத் தண்ணில வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். நான் இப்ப எல்லாத்தையும் கொதிக்க வெக்கறேன், உங்கப்பா நம்ம வூட்ல சோத்தவிட சுடுதண்ணிதான் ஜாஸ்தின்றாரு. நீயும் ஐசு, ஜப்பான் சுத்தமான ஊருன்னு அலட்சியமா இருக்காத, சாப்புடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவு, காய்ச்சல் நாலு நாளு போகலன்னா நீயா மாத்திரை போட்டுக்காம டாக்டரப் பாரு, லீவு போயிடும்னு பாக்காத. உங்கண்ணன் சேத்து வெச்ச லீவெல்லாம் ஆஸ்பத்திரி கட்டில்லதான் போச்சு.

உங்கப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரில இருந்த நாளெல்லாம் அவரு ஸ்ரீதருகிட்ட ஒரு வார்த்தை பேசல. ட்ரிப் முடிச்சுட்டு வருவாரு, கட்டில் கால்மாட்டுல உக்காருவாரு, புள்ள காலப் புடிச்சு விடுவாரு, அடுத்த ட்ரிப்புக்குப் போயிடுவாரு. வூட்லயும் ரெண்டு பேரும் மெதுவாத்தான் பேசிப்பாங்க, சாப்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். பீர் விஷயத்தப் பத்தி அவரு கேக்கவே இல்ல. திட்டியிருந்தாகூட எனக்கு நிம்மதியா இருந்துருக்கும். இன்னிக்குக் காலைல இவன் அவர் பஸ்லயே ஏறிப் போனான். கம்பெனி கேட்டுல எறங்கறப்ப, ஷிஃப்ட் முடியறப்ப இங்கயே நிப்பேன், வேற வண்டில ஏறாதன்னாராம். இவன் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான், அப்பாவுக்கு இந்த டைமுக்கு இந்தப் பக்கம் ட்ரிப்பே இல்லம்மா, எப்படி வருவாருன்னு.

இத எழுதிகினு இருக்கறப்பவே தெருமுனைல பஸ் சத்தம் கேட்டுச்சு, எழுந்து வாசலுக்கு வந்து நின்னுகினே எழுதறேன். காலி பஸ்ஸு, அதுல இவன் ஒருத்தன்தான் எறங்கறான், பின்னாடியே உங்கப்பா. எறங்கறப்பவே சண்டை. கல்யாணத்துக்கு மணிமங்கலத்துக்கு ஜனங்கள ஏத்திகினு போற பஸ்ஸ தானேதான் ஓட்டுவேன்னு இவரு சொல்றாரு, மாப்பிள்ளையோட அப்பா பட்டு வேட்டி கட்டிகினு ஸ்டியரிங்ல உக்காந்தா பொண்ணு வூட்ல சிரிக்க மாட்டாங்களான்னு அவன் கேக்கறான். பீர் குடிக்கற நாயி எனக்குப் புத்தி சொல்றியான்னு இவரு தெருவே கேக்கக் கத்தறாரு! அவனும் விடல, எதுத்துக் கத்தறான், எம்மாம் பெரிய கொரலு. அந்தக் கொரலக் கேட்டு எத்தினி நாளாச்சு ஐசு. ரெண்டு பேருக்கும் சோறு போடணும், ஆனா நான் இன்னும் வாசல்லயே நின்னு கேட்டுகினு இருக்கேன்.

முருகன் துணையால நீ நல்லா இருக்கணும், தைரியமா இருக்கணும், தீர்க்காயுசா இருக்கணும். ஆவணிக்கு லீவு இப்பவே எழுதிக் குடுத்துடு, தட்டு வரிசையில நாத்தனார் முன்னாடி நிக்கணும், நீ இல்லாம நாங்க மணிமங்கலம் போக மாட்டோம். எள்ளுப்பொடிய ஈரக்கை படாம வெச்சுக்கோ, சத்யப்பிரியாவுக்கும் பாதி குடு.

ஆசிகளுடன்
உன் அம்மா
சரோஜா கன்னியப்பன்